ஏழாம் எண்ணின் டிக்குகள்

பிப்ரவரி 4, செவ்வாய்

இரண்டாம் வகுப்பு இன்று உறுமியது. நான் பாடியது மழையைப் பற்றிய ஒரு சின்னப் பாட்டு. முப்பத்தெட்டு பிள்ளைகளின் வாயிலிருந்து வந்ததோ லாரி கிளம்பும் சத்தம். மூன்று முறை பாடிக் காட்டினேன், மூன்று முறையும் அதேதான். இந்த வகுப்புக்கே காது கிடையாது என்று முடிவு கட்டி, ஆசிரியர் அறைக்கு வந்து புலம்பினேன்.

என் தோழி டியூனர் மேசைமேல் தலையை வைத்துப் படுத்திருந்தாள். நிமிராமலே கேட்டாள்: "எந்தச் சுருதில ஆரம்பிச்ச?"

எனக்கு வசதியான சுருதியில்தான், வேறு எதில் ஆரம்பிப்பார்கள்?

"உன் குரல் கட்டைக் குரல். உனக்கு வசதின்னா அதுங்களுக்குக் கிணத்துக்கு அடி. ஏழு வயசுப் பிள்ளைங்களை அங்க இறக்கிவிட்டா உறுமாம என்ன பண்ணும்? நாலு சுரம் மேல ஏத்திப் பாடு."

கடைசிப் பாடவேளையில் ஏற்றிப் பாடினேன். எனக்குக் கழுத்து நரம்பு புடைத்தது, ஆனால் அந்தப் பிள்ளைகளின் குரல் திறந்துகொண்டதே, அதைக் கேட்டிருக்க வேண்டும். எனக்குக் கையெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை நாள் அவர்கள் தலையில் பழியைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

எங்கள் பயிற்சிக் கல்லூரியில் இசை ஆசிரியருக்குப் படிக்கும் பதினோரு பேரில் அவள்தான் உண்மையான சங்கீதக்காரி. மின்விசிறி ஓடினாலும் பஸ் ஹாரன் அடித்தாலும் அது என்ன சுரம் என்று சொல்லிவிடுவாள். அதனால்தான் அவளுக்கு டியூனர் என்று பெயர் வைத்தோம். எனக்கு அந்தக் காது கிடையாது. எனக்கு வாய் உண்டு. பத்து வாரம் இந்தப் பள்ளியில் ஓட்டி, கடைசியில் மதிப்பீட்டுப் பாடம் ஒன்று எடுத்துத் தேறினால் சான்றிதழ். இரண்டு பேரும் சேர்ந்தே வந்தோம், சேர்ந்தே வாங்கிக்கொண்டு போகிறோம்.

பிப்ரவரி 6, வியாழன்

கல்லூரியில் ஆய்வுக்கார மேடம் வந்திருந்தார். பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறார், எங்களைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். பயிற்சியில் இருக்கும் இசை ஆசிரியர்களுக்கு வேலையில் எவ்வளவு திருப்தி, எவ்வளவு மன அழுத்தம், மனச்சோர்வு உண்டா இல்லையா என்று ஆராய்கிறாராம். வாரம் ஒரு படிவம், இருபது வாக்கியம். 'இல்லவே இல்லை' முதல் 'எப்போதும்' வரை நாலு கட்டம், ஒன்றில் டிக். பெயர் கிடையாது, எண் மட்டும். நான் நாலு, டியூனர் ஏழு.

"இது ஆய்வுக்கு மட்டும் இல்ல," என்றார் மேடம். "ஒருத்தரோட மொத்தம் ஒரு அளவைத் தாண்டினா ஆலோசகர்கிட்டேருந்து அவங்களுக்கு மட்டும் போன் வரும். வேற யாருக்கும் தெரியாது."

வகுப்புப் பிரதிநிதி நான் என்பதால் வாராவாரம் பதினொன்றையும் வாங்கி ஒப்படைப்பது என் பொறுப்பு. என் படிவத்தை இரண்டு நிமிடத்தில் முடித்தேன். 'காலையில் வேலைக்குக் கிளம்ப உற்சாகமாக இருக்கிறது' - எப்போதும். 'எதிலும் மனம் ஒட்டவில்லை' - இல்லவே இல்லை. இதையெல்லாம் யோசித்து யோசித்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

பிப்ரவரி 12, புதன்

டியூனருக்கு நாலாம் வகுப்பு. அங்கே பிளாஸ்டிக் குழல். பள்ளி மொத்தமாக வாங்கி வைத்தது, நாற்பது குழலில் இரண்டு ஒரே சுருதியில் சேராது. நான் கதவோரம் நின்று பார்த்தேன். பிள்ளைகள் ஊதியதும் அவள் முகம் சுருங்கிவிட்டது. ஒவ்வொரு பெஞ்சாகப் போய், ஒவ்வொரு விரலாகத் திருத்தினாள். முதல் பெஞ்சைத் திருத்தி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சில் குழலால் வாள் சண்டை. எங்கள் பொறுப்பாசிரியர் - சிவப்புப் பேனா என்று நாங்கள் வைத்த பெயர் - பின்னால் உட்கார்ந்து வேறு எதையோ திருத்திக்கொண்டிருந்தார்.

"கண்டுக்காதடி. சுருதியும் மண்ணாங்கட்டியும். சந்தோஷமா ஊதட்டும், காதை மூடிக்க," என்றேன்.

"எப்படி மூடறதுன்னு சொல்லிக்குடு."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 13, வியாழன்

பத்துப் படிவம் வந்துவிட்டது, ஏழாம் எண் மட்டும் காணோம். கேட்டால், பேனா பிடிக்கக்கூட கை வரவில்லை என்கிறாள். "நீயே போட்டுடேன்."

சரி என்று நானே பேனாவை எடுத்து, ஒவ்வொரு வாக்கியமாகச் சத்தமாகப் படித்தேன். எல்லாவற்றுக்கும் 'ம்' என்றாள். 'ம்' என்றால் எந்தக் கட்டம்? பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. என் படிவம் பக்கத்திலேயே இருந்தது, அதைப் பார்த்து அப்படியே போட்டுவிட்டேன். பதினொன்றும் முழுசாக ஒப்படைத்தேன். இதுவரைக்கும் இந்தத் துறையில் யாரும் இப்படி நூற்றுக்கு நூறு கொடுத்ததில்லையாம், மேடம் பாராட்டினார்.

பிப்ரவரி 19, புதன்

தலைமையாசிரியை ஜன்னலோரம் நின்று என் வகுப்பைக் கேட்டார். போகும்போது அவரே முணுமுணுத்துக்கொண்டு போனார். நான் இதற்காகவே பிறந்தவள்.

பிப்ரவரி 20, வியாழன்

ஏழாம் எண் இந்த வாரமும் நான்தான். இந்த முறை அவளைக் கேட்கவில்லை, கழிவறைக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை. ரொம்ப ஒரே மாதிரி இருக்கக் கூடாதே என்று ஒரே ஒரு இடத்தில் 'எப்போதாவது' போட்டேன். தூக்கம் பற்றிய வாக்கியம். எனக்கே என் சாமர்த்தியம் பிடித்திருந்தது.

பிப்ரவரி 27, வியாழன்

டியூனர் வரவில்லை. வயிறு சரியில்லை என்று செய்தி. படிவம் போட்டாயிற்று.

மார்ச் 3, திங்கள்

மூன்றாவது வேலை நாளாக ஆள் இல்லை. போன் செய்தால் எடுப்பதில்லை, செய்தி அனுப்பினால் 'ஓகே' என்று ஒரு வார்த்தை. எனக்குக் கோபம்தான் வந்தது. மதிப்பீட்டுப் பாடத்துக்கு நாலு வாரம்கூட இல்லை, இவள் வீட்டில் படுத்துக்கொண்டிருக்கிறாள். சிவப்புப் பேனா என்னைப் பார்த்து, "உங்க கூட்டாளி வகுப்பையும் நீங்களே பார்த்துக்குங்க," என்று அவள் மேசைச் சாவியை நீட்டினார்.

அவள் மேசையைத் திறந்து பாடக்குறிப்பு நோட்டை எடுத்தேன். முதல் பக்கங்களில் ஒரே பாடத்தை ஆறு தடவை, ஏழு தடவை அடித்து அடித்து எழுதியிருக்கிறாள். மணியான கையெழுத்து. அப்புறம் எழுத்து குறைந்துகொண்டே வருகிறது. கடைசி ஐந்து பக்கங்களில் தேதி, வகுப்பு, அதற்குக் கீழே 'நோக்கம்:' - அவ்வளவுதான். ஐந்து நாள், ஐந்து 'நோக்கம்', எதற்கும் எதிரே ஒன்றும் இல்லை.

நான் அந்த நோட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நாலாம் வகுப்பில் குழலை எடுக்கவே சொல்லவில்லை, வெறுமனே கை தட்ட வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பள்ளி விட்டதும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணிதான் கதவைத் திறந்தார். "நல்லவேளை வந்தீங்க. நாலு நாளா குளிக்கல, சாப்பிடச் சொன்னா அழறா. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கறா. உங்ககிட்டயாச்சும் சொல்றாளா பாருங்க."

அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலைமுடி சிக்காகிக் கிடந்தது. நான் வழக்கம்போல, "என்னடி மகாராணி, எந்திரி," என்று ஆரம்பித்தேன். அவள் திரும்பவில்லை. அதற்கப்புறம் எனக்குப் பேச வரவில்லை. எனக்கே பேச வரவில்லை.

ரொம்ப நேரம் கழித்து அவளே பேசினாள். சுவரோடு பேசுவதுபோல மெதுவான குரல்.

"அன்னைக்கு நீ ஒவ்வொண்ணா சத்தமா படிச்சியே. 'என்னால் யாருக்கும் பயனில்லை'ன்னு ஒண்ணு வந்துது. அதுக்காவது நீ நிமிர்ந்து பார்ப்பன்னு நினைச்சேன்."

"நீ 'ம்'னு சொன்னியே."

"ஆமா. அதுக்கு ஆமான்னுதான் சொன்னேன்."

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அப்புறம் போன் வரும்னு காத்திட்டிருந்தேன். வரவே இல்ல. தினமும் பக்கத்துல இருக்கறவ, பார்த்துதானே போட்டிருப்பா. அவளுக்கே நான் நல்லா இருக்கறதா தெரியுதுன்னா... இது வியாதி இல்ல, சும்மா சோம்பேறித்தனம்னு முடிவு பண்ணிட்டேன்."

பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன். எங்கே இறங்கினேன் என்றே தெரியவில்லை.

அதே நாள்

என்ன பண்ணிட்ட நீ. மூணு வாரம். மூணு வாரமா அவ போனைப் பார்த்துட்டுப் படுத்திருக்கா, நீ நூத்துக்கு நூறுன்னு கையைத் தட்டிக்கிட்டு இருந்திருக்க. அதுல தூக்கத்துக்கு ஒரு 'எப்போதாவது' வேற. சாமர்த்தியமாம்.

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே ஆய்வுக்கார மேடத்தைப் போய்ப் பார்த்தேன். வழியெல்லாம் என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். 'எண்கள் குழம்பிவிட்டன' என்று ஒரு நல்ல பொய் கைவசம் இருந்தது, நம்பக்கூடியதுதான். கதவைத் திறந்ததும் உள்ளதைச் சொல்லிவிட்டேன். ஏழாம் எண்ணின் மூன்று படிவம் நான் போட்டது, அவளுக்கு உடம்பும் மனசும் சரியில்லை, இன்றைக்கே யாராவது அவளைப் பார்க்க வேண்டும்.

அவர் முதலில் திட்டவில்லை. போனை எடுத்து ஆலோசகரிடம் பேசி, அண்ணியின் எண்ணைக் கொடுத்து, "இன்னைக்கே," என்று இரண்டு தரம் சொன்னார். வைத்த பிறகு கணினியைத் திறந்தார். தூக்கத்துக்கு நான் போட்ட அந்த ஒரு டிக்கைத் தவிர, மூன்று வாரமும் நாலும் ஏழும் வரிக்கு வரி ஒன்றாக இருந்தன.

"போன வாரமே பார்த்தேன்," என்றார். "நெருங்கிய தோழிங்க, ஒரே மாதிரி இருப்பாங்கன்னு விட்டுட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் துறைத்தலைவர்கிட்ட இதைச் சொல்லணும். நீங்களும் வாங்க."

துறைத்தலைவர் குரலை உயர்த்தவே இல்லை. அடுத்தவர் படிவத்தைப் போட்டது போலி. பிரதிநிதி பொறுப்பு போயிற்று. இந்தப் பயிற்சிக் காலமும் செல்லாது, அடுத்த பருவத்தில் முதலிலிருந்து. பருவம் முடியும்வரை பள்ளிக்கு மட்டும் போய் வகுப்பு எடுக்க வேண்டும். எனக்கு அழுகை வரவில்லை. நியாயம் என்று தோன்றியது, அதோடு கொஞ்சம் எரிச்சலும். வகுப்பில் நான் ஒரு குறையும் வைக்கவில்லையே.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குப் பஸ் பணிமனையில் நேரம் குறிக்கும் வேலை, வராத எந்த வண்டியையும் வந்ததாக எழுதியதில்லை. "அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கா?" அதைத்தான் கேட்டாள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள் என்றதும், "சரி. ஊருக்கெல்லாம் டிக் போட்ட கை, வந்து பாத்திரத்தையும் கழுவு," என்றாள்.

மார்ச் 6, வியாழன்

புதிய பிரதிநிதி படிவம் கொடுத்தான். 'தூக்கம் சரியாக வருவதில்லை.' பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். 'அடிக்கடி.'

மார்ச் 13, வியாழன்

அவள் என்னோடு பேசுவதில்லை. அண்ணிதான் சொல்கிறார்: மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார், வாரம் ஒருநாள் ஆலோசகர், இப்போது பகலில் எழுந்து உட்காருகிறாள், நேற்று அரை மணி நேரம் நடந்தாள். "உங்க மேல கோவமாத்தான் இருக்கா. ஆனா நீங்க போன் பண்ணா, என்ன சொன்னாங்கன்னு கேக்கறா."

கேட்கட்டும். நான் தினமும் பண்ணுவேன்.

மார்ச் 22, சனி

அவளே வந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்தோம். மெலிந்திருக்கிறாள், தலை வாரியிருந்தாள்.

"உன்மேல ரொம்பக் கோவமா இருக்கேன்."

"இரு."

"கோவம் வருதுன்னு டாக்டர்கிட்ட சொன்னேன். ரொம்ப நல்லதுன்னு சந்தோஷப்பட்டாங்க. போன மாசம் எனக்கு அதுவும் வரல."

"அப்ப இன்னும் கொஞ்சம் திட்டு, சீக்கிரம் தேறிடுவ."

அவள் சிரிக்கவில்லை. இந்த முறை சிரித்தாள் என்று நானாக நினைத்துக்கொள்ளவும் இல்லை. மன்னிப்புக் கேட்டேன், சுற்றி வளைக்காமல். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அப்புறம் நாலாம் வகுப்பைப் பற்றிக் கேட்டாள். கை தட்டுகிறார்கள் என்றேன்.

"நாற்பது பேரும் ஒண்ணா ஊதினா என்னால நிக்க முடியாது. அது என் தப்பு இல்லன்னு இப்பத்தான் தெரியுது. ஆறு ஆறு பேரா ஊதினா? மத்தவங்க பாடட்டும். ஒத்துப்போற குழலாப் பார்த்து ஆறு ஆறா நான் பிரிச்சு வைக்கிறேன்."

ஒரு மாதமாக வகுப்புக்கே வராதவள் இதை யோசித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். நானும் அதே வகுப்பைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன், எனக்கு இது தோன்றவில்லை. நான் நல்ல ஆசிரியை, அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது. இவள் என்னைவிட நல்ல ஆசிரியையாக வருவாள், அதிலும் கிடையாது.

"வருவியா திரும்ப?"

"தெரியல. டாக்டர் அவசரப்படாதன்னு சொல்லியிருக்காங்க. அடுத்த பருவத்துல எப்படி இருக்கேன்னு பார்க்கணும்."

மார்ச் 24, திங்கள்

சிவப்புப் பேனாவிடம் ஆறு ஆறு பேர் திட்டத்தைச் சொன்னேன். இங்கே வழக்கமில்லை என்றார். என் பயிற்சி செல்லாது, எனக்கு இழக்க ஒன்றுமில்லை, ஆகவே வாதாடினேன். முக்கால் மணி நேரம். கடைசியில், "அடுத்த பருவத்துல செஞ்சு பாருங்க, இப்ப என்னை விட்டுடுங்க," என்றார்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஒன்பது பேருக்குச் சான்றிதழ். கடைசி வரிசையில் உட்கார்ந்து நானும் கை தட்டினேன். வயிற்றெரிச்சலாக இருந்தது, இல்லை என்று எழுதினால் பொய். வெளியே வந்து அவளுக்குப் போன் செய்து, வயிறு எரிகிறது என்றேன்.

"எனக்கும்தான்," என்றாள்.

மே 15, வியாழன்

அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்துவிட்டாள். துறைத்தலைவர் அவளுக்குப் பாதி நேரம்தான் கொடுத்திருக்கிறார், மாத்திரை தொடர்கிறது, ஆலோசகரும் தொடர்கிறார். அதே பள்ளி, நானும் அதே பள்ளி. சொல்லும்போது அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான்தான் போனை வைத்துவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டேன். அவசரத்தில் அடுப்பை அணைக்க மறந்து, பால் பொங்கி, அதற்கும் திட்டு வாங்கினேன்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று அவளுக்கு முதல் நாள், அதே நாலாம் வகுப்பில். சக பயிற்சியாளர் ஒருவர் பின்னால் உட்கார்ந்து பார்வைத்தாள் எழுத வேண்டும் என்பது கல்லூரி விதி. எழுத அவள் என் பெயரைக் கொடுத்திருக்கிறாள். சிவப்புப் பேனா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

போன பருவத்தில் நான் எல்லோருக்கும் 'மிக நன்று, தன்னம்பிக்கையோடு நடத்தினார்' என்று வகுப்பு ஆரம்பிக்கும் முன்பே எழுதி வைத்துவிட்டு ஜன்னலை வேடிக்கை பார்ப்பேன். இன்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவளை மட்டும் பார்த்தேன். நாற்பது நிமிடமும்.

எழுதியது இது: 'ஆறு பேர் ஊத, மற்றவர்கள் பாடினார்கள். குழல்கள் ஒத்துப்போயின. மூன்றாவது குழுவில் ஒரு குழல் பிசகியது. பன்னிரண்டாவது நிமிடத்தில் ஆசிரியையின் கை நடுங்கியது. பேச்சை நிறுத்தினார். ஜன்னலைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்தார். பிசகிய குழலை வாங்கிக்கொண்டு வேறொன்று கொடுத்தார். வகுப்பு தொடர்ந்தது. முப்பதாவது நிமிடத்தில் ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்குச் சிரித்தார். முடிவில் களைப்பாக இருந்தார்.'

எழுதிய பிறகு பயம் வந்தது. கை நடுங்கியதையும் எழுதித்தான் ஆக வேண்டுமா? மதிப்பெண்ணுக்குப் போகும் தாள். அடித்துவிடலாமா என்று பேனாவைக் கொண்டுபோனேன். அடிக்கவில்லை.

பார்க்கப்பட்டவரும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். காலியான வகுப்பில் அவளிடம் நீட்டினேன். பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்து மெதுவாக, ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"பேனா குடு," என்றாள்.

கொடுத்தேன். 'பன்னிரண்டாவது' என்பதை அடித்து, மேலே 'ஒன்பதாவது' என்று எழுதினாள்.

"நீ பார்க்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு," என்று சொல்லி, கீழே கையெழுத்துப் போட்டாள்.